ஹேஸ்டிங்ஸ் ஏன் லாட்ஜில் தங்கினார்?

எங்கள் பெரியப்பா பத்திரப்பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் நடக்கும் கொலைகளை அவர் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். சொத்துக்காக நடந்தவை ஒரு வகை. சொத்துக்காகத்தான் நடந்தது என்று இன்னும் வெளியே தெரியாதவை இன்னொரு வகை.

கண்புரை ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் பிபிசியின் 'லைன் ஆஃப் டியூட்டி' அவர் கையில் சிக்கியது. கொஞ்ச நாளைக்கு டி.வி.யை உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பாக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு, கேக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்று பெரியப்பா கறுப்புக் கண்ணாடியோடு டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். என் மகள் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு வரவேண்டும். சொட்டு மருந்து விடும் நேரம் எப்போதும் விசாரணைக் காட்சியின் நடுவில்தான் வந்து தொலைக்கும். தலையைச் சோபாவில் சாய்த்து, மூடிய கண்ணிலிருந்து மருந்து கன்னத்தில் வழிய, "இப்ப யாருட்டி பேசுதா?" என்று கேட்பார்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. போலீஸுக்குள் இருக்கும் களவாணிகளைப் பிடிக்கும் போலீஸ் பிரிவு ஒன்று, பெயர் ஏசி-12. எழுதியவர் ஜெட் மெர்குரியோ. முன்பு டாக்டராக இருந்தவர். 2012இல் தொடங்கிய கதையில் மூன்றாவது பருவத்தின் கடைசியில், டாட் காட்டன் என்ற கறுப்பு ஆடு குண்டடிபட்டுச் சாகும்போது, மேலிடத்தில் இன்னொரு பெரிய புள்ளி இருப்பதாக ஜாடை காட்டிவிட்டுச் சாகிறான். கிடைத்த துப்பு ஒரே ஓர் எழுத்து: ஹெச்.

அவ்வளவுதான். பிரிட்டனில் அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் பாத்திரங்கள் எல்லாம் நிம்மதி இழந்தன. ஹில்டன் என்று ஓர் உயரதிகாரி இருந்தார், அவர் போய்ச்சேர்ந்தார். அடுத்து எல்லார் கண்ணும் ஏசி-12இன் தலைவர் டெட் ஹேஸ்டிங்ஸ் மேல் விழுந்தது. ஏட்ரியன் டன்பார் நடித்த பாத்திரம். மாதாவையும் சூசையப்பரையும், போதாததற்கு அவர்களுடைய கழுதையையும் கூப்பிட்டுச் சலித்துக்கொள்ளும் ஐரிஷ்காரர். இத்தனை நல்லவராக ஒருவர் இருக்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று ரசிகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் பேனாவை எடுத்தால் அர்த்தம், வைத்தால் அர்த்தம், கதவைச் சாத்தினால் பேரர்த்தம்.

பெரியப்பா ஹேஸ்டிங்ஸின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மூன்று கேள்வி கேட்டார்.

"அந்தப் பெரிய ஆபீசருக்கு வீடு எங்க?"

"வீடு இல்ல தாத்தா. ஓட்டல்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கார்."

"பொண்டாட்டி?"

"பிரிஞ்சுட்டாங்க."

"பிள்ளையளுக்குக் கட்டிக்கொடுக்கிற செலவு?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பம் எடத்துல பணத்தப் போட்டு ஏமாந்திருக்கான்."

மகள் டி.வி.யை நிறுத்திவிட்டாள். ஏனென்றால் ஹேஸ்டிங்ஸ் நிஜமாகவே அயர்லாந்தில் ஒரு கட்டட மனைத் திட்டத்தில் பணத்தைப் போட்டு இழந்தவர்தான். அந்தச் சேதியை அவள் தாத்தாவுக்குச் சொல்லவே இல்லை. பிரிட்டனில் பேனா அசைவை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு நடுவில், முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணில் மருந்தோடு ஒருவர் வில்லங்கச் சான்றிதழே எடுத்துவிட்டார். பிறகு ஹேஸ்டிங்ஸ் கைக்கு ஒரு பழைய சகாவிடமிருந்து உறையில் கட்டுக் கட்டாகப் பணம் வந்த காட்சியில் பெரியப்பா ஆச்சரியப்படவே இல்லை. "அட்வான்ஸ திருப்பிக் குடுக்கான்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மர்மத் தொடர் பார்க்கும் எல்லாரும் திரையில் இருப்பவனின் நோக்கத்தைத் தேடுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். எடுத்து வைப்பதென்னவோ அவரவர் அலமாரியில் ஏற்கெனவே இருப்பதை. பெரியம்மாவுக்கு டி.வி. பார்க்கத் தடையில்லை, ஆனால் ஆங்கிலம் தெரியாது. அவர் சந்தேகப்பட்டது ஸ்டீவ் ஆர்னட்டை. ஹேஸ்டிங்ஸின் கீழே வேலை பார்க்கும் துடிப்பான பையன், எந்நேரமும் கோட்டுக்குள் வெயிஸ்ட்கோட் போட்டிருப்பான். "தெனமும் ரிசப்ஷன் மாப்பிள்ள மாதிரி உடுத்திட்டு வாரானே, சம்பளத்துல கட்டுமா? ஒரு நாளாவது வீட்டுல உக்காந்து சாப்பிட்டானா? சாப்பாடு போடுறவ இல்லாதவனுக்குக் கைல காசு எப்படித் தங்கும்?" என்று அடுக்கினார். இந்தத் தடயங்களை ஜெட் மெர்குரியோ திட்டமிட்டு வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவியின் முறை வேறு. அவள் கதைக்குள்ளேயே போகமாட்டாள். நடிகர் பட்டியலோடு சரி. "இவ்வளவு தெரிஞ்ச முகத்தைக் கூட்டிட்டு வந்து காபி குடிக்க வச்சு அனுப்புவாங்களா? இவர்தான்." நம்மூர் சினிமாவில் ஓரளவு பலிக்கிற ஜோசியம். இந்தத் தொடரிலோ இரண்டாம் பருவத்தில் ஜெசிக்கா ரெய்ன் என்ற பிரபல நடிகையை முதல் அத்தியாயத்திலேயே ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் பருவத்தில் டேனியல் மேஸுக்கும் அதே முதல் அத்தியாயத்தில் முடிவு. சம்பளம் கொடுத்து அழைத்து வந்த ஆளை இப்படி வீணாக்குகிறார்களே என்று அவளுக்கு வந்த கோபம், செத்த பாத்திரத்துக்காக வந்ததல்ல.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிய நோய் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் 'மர்ம தேசம்' வந்தபோதே தொற்றியது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதில் 'விடாது கருப்பு' கதை ஓடிய காலத்தில் ஊரில் இரண்டே கட்சிதான். தப்பு செய்கிறவர்களைத் தண்டிப்பது கருப்புசாமியேதான் என்பது ஒன்று. சாமி பெயரைச் சொல்லி ஏதோ ஓர் ஆள் செய்கிறான் என்பது மற்றொன்று. வாரத்துக்கு ஒரு நாள்தான் தொடர், மிச்ச ஆறு நாளும் டீக்கடையில் வழக்கு நடக்கும். ஆள் கட்சிக்காரர்களிடம் எங்கள் தெருக் கோயில் பூசாரி பேச்சு வார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா அப்போதும் இரண்டு கட்சியிலும் சேராமல் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "கோயில் நெலம் யார் குத்தகைல இருக்கு?"

அமெரிக்காவில் இந்தக் காய்ச்சல் இன்னும் உச்சத்துக்குப் போனது 1980இல். 'டல்லஸ்' தொடரில் எண்ணெய்க் கோடீஸ்வரன் ஜே.ஆர். யூயிங்கை மார்ச் 21 அன்று யாரோ சுட்டார்கள். சுட்டவர் யார் என்று சொன்னது நவம்பர் 21 அன்று. நடுவில் நடிகர்கள் வேலைநிறுத்தம் வேறு சேர்ந்துகொண்டு பதிலைத் தள்ளிப்போட்டது. அவரைச் சுடக் காரணம் உள்ளவர் யார் என்று கேட்டால் பட்டியல் நீளும். காரணம் இல்லாதவர் யார் என்று கேட்டால்தான் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். ரகசியம் கசியாமலிருக்க வெவ்வேறு ஆட்களை வைத்துச் சுடுகிற காட்சியைப் பலமுறை எடுத்து வைத்தார்களாம். விடை தெரிந்த இரவு அமெரிக்காவில் எட்டுக் கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். சுட்டது மச்சினி. இதற்கு எட்டு மாதமா என்று நம்மூரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சிரித்திருப்பாள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1990இல் வந்த 'ட்வின் பீக்ஸ்'. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கியது. லாரா பாமர் என்ற பள்ளி மாணவியைக் கொன்றது யார் என்பது கேள்வி. ரசிகர்கள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் டேப்பில் பதிந்து, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அதில் பாப் என்று, நரைத்த நீள முடியோடு, கட்டில் ஓரத்தில் பதுங்கியிருக்கும் ஒரு பயங்கர உருவம் வரும். அதன் உட்பொருள் என்ன, அது நிற்கும் இடத்துக்கு அர்த்தம் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நடந்தது இதுதான்: ஃப்ராங்க் சில்வா என்பவர் நடிகராக வந்தவரே இல்லை, செட்டில் மேசை நாற்காலியை ஒழுங்குபடுத்தும் பணியாளர். லாராவின் அறையில் அவர் சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, இவரையும் ஒரு ஷாட் எடுத்து வைப்போமே என்று லிஞ்சுக்குத் தோன்றியது. இன்னொரு காட்சியில் இவர் உருவம் தற்செயலாகக் கண்ணாடியில் விழுந்துவிட்டது. வேறு இயக்குநர் என்றால் கத்திவிட்டு மறுபடி எடுத்திருப்பார். லிஞ்ச் அதைக் கதையின் சாத்தானாக்கிவிட்டார்.

இதை நான் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கண்ணாடில ஒருத்தன் சும்மா தெரிவானால? யாரோ வரச் சொல்லித்தான் வந்திருக்கான்." ரசிகனுக்குத் தற்செயல் என்ற ஒன்று பிடிக்காது. தான் பட்ட பாட்டுக்கு எதிரே ஒரு மூளை உட்கார்ந்து எல்லாவற்றையும் திட்டம் போட்டிருக்க வேண்டும். லிஞ்சுக்குக் கொலையாளியைச் சொல்லவே மனமில்லை. சேனலின் நெருக்கடியில்தான் இரண்டாம் பருவத்தின் நடுவில் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகு கூட்டம் கலைந்துவிட்டது. யூகிப்பதற்காக வந்தவர்களுக்கு விடையை வைத்துக்கொண்டு என்ன வேலை?

ஹெச் கதைக்குத் திரும்பினால், ஐந்தாம் பருவத்தில் இன்னொரு கூத்து. டாட் காட்டன் சாகும்போது அவன் விரல் தட்டியதை வீடியோவில் மறுபடி பார்த்து, அது மோர்ஸ் குறி என்று கண்டுபிடித்தார்கள். மோர்ஸில் ஹெச் என்றால் நான்கு புள்ளி. ஆக, ஹெச் என்பது பெயரே அல்ல. நான்கு களவாணிகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்! உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதன் இத்தனை சுற்றுவழியில் சேதி சொல்வானா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று பேர் தெரிந்துவிட்டது. நான்காவது ஆளைக் காட்டிக்கொடுத்தது ஓர் எழுத்துப்பிழை. 'டெஃபினிட்லி' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஐ' வரவேண்டிய இடத்தில் அவன் எப்போதும் 'ஏ' போடுவான். ஹேஸ்டிங்ஸும் ஒருமுறை அதே பிழையோடு தட்டச்சு செய்திருந்தார். ஹேஸ்டிங்ஸ் ஆராய்ச்சியாளர்கள் அன்றைக்கு இனிப்பே வழங்கியிருப்பார்கள்.

2021 மே 2 அன்று ஆறாம் பருவத்தின் கடைசி அத்தியாயம். பிரிட்டனில் 1 கோடியே 28 லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். நான்காவது ஆள், இயன் பக்கிள்ஸ். முதல் பருவத்திலிருந்தே அவ்வப்போது தலைகாட்டி, ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யாத, மேலே மேலே பதவி உயர்வு மட்டும் வாங்கிய மந்த அதிகாரி. பெரிய சதித் திட்டமெல்லாம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு இங்கே சொன்னதை அங்கே சொல்லியிருக்கிறான். பிரிட்டிஷ் ரசிகர்களில் பாதிப் பேர் கொதித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் நாங்கள் மூளையைக் கசக்கியது இந்த மக்குப் பயலுக்காகவா என்று.

எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. அரசாங்க ஆபீசில் ஒரு ஃபைலின் பின்னால் அலைந்த யாருக்கும் பக்கிள்ஸைத் தெரியும். அதனால் பெரியப்பா மெச்சிக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் அந்தத் துறையிலேயே இருந்தவர்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏட்டி, அந்தப் பெரியவன் எழுதினதுலயும் அதே பிழைன்னியே?" என்றார்.

"ஆமா தாத்தா. ஆனா அவர் குற்றவாளி இல்ல. இந்தாளு பழைய ஆபீஸ் காகிதத்துலயும் இருந்துச்சு, அதான் மாட்டிக்கிட்டார்."

"ரெண்டு பேர் காகிதத்துலயும் ஒரே பிழை." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "எங்க ஆபீஸ்ல இப்படி வந்தா என்ன அர்த்தம் தெரியுமா? ரெண்டு பேருக்கும் ஒரே டைப்பிஸ்ட்."

"தாத்தா, டைப்பிஸ்ட்னு யாருமே இந்தத் தொடர்ல கிடையாது. ஆறு பருவத்துலயும் ஒரு தடவைகூடக் காட்டல."

"காட்டல பாத்தியா?" என்றார் பெரியப்பா. "அதத்தான் நானும் கேக்கேன். எதுக்குக் காட்டல?"

பெரியம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு, அந்த வெயிஸ்ட்கோட்டுப் பையன வச்சிருக்கவளா?"