தூரம் சொல்லும் மாமா

“எடே மக்கா, இங்கிருந்து கோயில் கொடிமரம் எத்தற தூரம் இருக்கும்? சொல்லு பாப்போம்.”

பதில் சொல்லாதீர்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் மாமா உதட்டைப் பிதுக்குவார். பிறகு இடுப்புப் பையிலிருந்து அந்தக் கறுப்பு டப்பாவை எடுப்பார், ஒரு கண்ணை மூடுவார், மூச்சைப் பிடிப்பார், பொத்தானை அமுக்குவார். “தொண்ணூத்தி நாலு!” என்பார். எதில் தொண்ணூற்று நாலு என்று கேட்டால் கெஜம். அதை மீட்டருக்கு மாற்ற ஒரு பொத்தான் உண்டு. வாங்கி இரண்டு வருஷமாகியும் மாமாவுக்கு அது அகப்படவில்லை. மனையைச் சென்ட் கணக்கில் விற்கிற ஊரில், இவர் ஒருவர்தான் பந்திக்கும் அடுப்புக்கும் இடையே இத்தனை கெஜம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அளக்காத இடமில்லை. கல்யாண வீட்டில் பந்தலிலிருந்து மணமேடை. சாவு வீட்டில் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம். பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சிலிருந்து பீடம். அதைப் பார்த்துவிட்ட பங்குச்சாமியார் பிரசங்கத்தை நிறுத்திக் கண்ணை உருட்டியும் மாமா எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். டார்ச் லைட், மடக்குக் கத்தி, தண்ணீர் புகாத பை என்று வேறு சரக்கும் அவரிடம் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். அவை பேசுவதில்லை.

டப்பாவின் பெயர் லேசர் ரேஞ்ச் ஃபைண்டர். வெளிநாட்டில் மான் வேட்டைக்காரர்கள் வைத்திருப்பது. வேட்டையை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டிப்போட்ட நாட்டில், அதிலும் கடலைத் தவிர வேறொன்றும் காணக்கிடைக்காத இனயத்தில், இது எதற்கு மாமா என்றேன். “மீன் பிடிக்கதும் வேட்டைதானடே” என்றார். வளைகுடாவில் இருபது வருஷம் உழைத்துவிட்டு வந்த மனுஷன், ஒரு வள்ளத்தில் பங்கும் போட்டிருக்கிறார். அந்தப் பதிலுக்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

வாங்குவதற்கு முன் எட்டு மாசம் ஆராய்ச்சி. ஆறு மடங்கு பெரிதாகக் காட்டுவதா, ஏழா? அறுநூறு கெஜமா, ஆயிரமா? ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஃபோன் வரும். மலைச்சரிவில் நின்று குறிபார்க்கிறவனுக்காகச் சாய்வுக் கணக்குப் போடும் வசதி ஒன்று உண்டு. தட்டையான மணலில் குடியிருக்கிற மாமா அதற்கும் தனியாகக் காசு கொடுத்தார்.

கருவியோடு வந்த குறிப்பேட்டை அவர் பிரிக்கவில்லை. நான் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. நூறு மீட்டர் போய்வர ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதை அளக்கிறது பாருங்கள், அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு நான் கும்பிடு போடுகிறேன். ஆனால் ஆயிரம் கெஜம் என்று அட்டையில் போட்டிருப்பது பளிச்சென்று ஒளியைத் திருப்பும் பொருளுக்குத்தான். மான் தோலுக்கு அதில் பாதிகூடத் தேறாது. அதனால்தான் சுண்ணாம்படித்த கோயில் கோபுரம் தவறாமல் விழுகிறது, மேய்கிற கறுத்த பசு விழமாட்டேன் என்கிறது. இன்னொன்று: புதருக்குப் பின்னால் நிற்கும் மானைப் பிடிப்பதற்காக, வேட்டை முறையில் வைத்தால் முன்னால் இருப்பதை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதன் தூரத்தைத்தான் அது சொல்லும். மாமா வேட்டை முறையில்தான் வைத்திருக்கிறார். ஆக இரண்டு வருஷமாக அவர் சொன்ன கொடிமரம் கொடிமரமே அல்ல, அதற்குப் பின்னாலிருக்கிற தண்ணீர்த் தொட்டி. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பாவம்.

ஒரு நாள் கடற்கரையில் எங்கள் பாட்டா வலை பொத்திக்கொண்டிருந்தார். மாமா, கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவின் முனையைக் குறிபார்த்து “அறுபத்திரெண்டு!” என்றார். பாட்டா தலையை அரைவாசி தூக்கினார். “முப்பது, முப்பத்தொண்ணு பாகம் வரும்” என்று சொல்லிவிட்டு ஊசியைக் கோர்த்தார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. இரண்டு கெஜம். கணக்கு எனக்குப் புரிந்தது. மாமாவுக்குப் புரிந்ததோ என்னவோ, அன்றைக்கு முழுக்க எதையும் அளக்கவில்லை.

வள்ளத்திலும் ஒருமுறை ஏறினார். அலை தூக்கிப் போட்டதில் எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடைசியில் டப்பாவைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் காட்டி, “பாரு எத்தற ஆழத்துல கிடக்குன்னு பாக்கேன்” என்றார். பாரு என்றால் கடலடிப் பாறை. அந்த ஒளியைத் தண்ணீர் குடித்துவிடும். ஆழம் பார்க்க எக்கோ சவுண்டர்தான் வேண்டும், அது ஒலியை அனுப்புவது. பாட்டா காத்திருக்கவில்லை. கோயில் கோபுரத்தையும் பின்னாலிருக்கிற மலையையும் ஒரு நேர்கோட்டில் கொண்டுவந்தார், பக்கவாட்டில் ஒரு தென்னையையும் இன்னொரு குன்றையும் சேர்த்தார், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் ‘இங்க போடு’ என்றார். இதற்குக் கணியம் என்று பெயர். ஈயக்குண்டு பாறையில் தட்டிற்று. கணியம் ராத்திரியில் ஆகாது, கரை மறைந்த ஆழ்கடலிலும் ஆகாது. ஜிபிஎஸ் வந்தது நல்லதுதான், பாட்டாவே அதைச் சொல்வார்.

கருவி மேல் எனக்குக் கோபமில்லை, காசு போன வழியில்தான். மாமாவின் பங்கு வள்ளத்தில் நாலு பையன்கள் தொழிலுக்குப் போகிறார்கள். லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுங்கள் என்று மூன்று தடவை கேட்டாயிற்று. “வேர்க்கும்டே, பயலுவ போடமாட்டானுவ” என்கிறார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த கரை இது. கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. சாய்வுக் கணக்குக்குக் கூடுதலாகக் கொடுத்த காசில் நாலு ஜாக்கெட் வந்திருக்கும்.

போன வாரம் டப்பா செத்துவிட்டது. சிஆர்2 என்ற குட்டிப் பேட்டரி வேண்டுமாம். கருங்கலிலும் மார்த்தாண்டத்திலும் ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். நாகர்கோவிலுக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறார். உங்கள் கடைக்கும் வருவார். இருந்தாலும் இல்லை என்று சொல்லி, லைஃப் ஜாக்கெட் விற்கிற கடைக்கு வழிகாட்டுங்கள். எத்தனை கெஜம் என்று கேட்பார், சொல்லிவிடாதீர்கள்.