இடப்பக்கத்து மரை

என்னடா பேராண்டி, பழைய ஹெர்குலிஸ் வாங்கியிருக்கியாமே! புது வண்டி விலையைக் கொடுத்துப் பழைய வண்டியைத் தள்ளிக்கிட்டே வீடு வந்து சேர்ந்த ஆளு இந்தத் தெருவுலயே நீ ஒருத்தன்தான். போகட்டும், காசு உன்னுது. ஆனா பெடல் கரகரங்குதுன்னு பிளாஸ்டிக் பெடல் வாங்கி மாட்டப் போறேன்னியே, அங்கதான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிச்சு. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு எவனாவது ரப்பர் செருப்போட மணவறையில உக்காருவானா?

ஹெர்குலிஸ் 1910-ல பர்மிங்காம்ல பொறந்த பேரு. 1949-ல மெட்ராஸ்ல டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினாங்க, அப்புறம் நம்ம அம்பத்தூர் வண்டியாவே ஆகிப்போச்சு. அந்தக் காலத்துப் பெடலைப் பண்ணினவன், பின்னால ஒருத்தன் பிரிச்சுப் பார்ப்பான்னு தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான். நீதான் பிரிக்க மாட்டேங்குற.

பிரிக்கிறதுக்கு முன்னால வண்டியை விட்டுக் கழட்டணுமே. நேத்து இடப்பக்கம் ஸ்பானரைப் போட்டுத் தொங்கிக்கிட்டிருந்தே. புள்ளை தேகப்பயிற்சி பண்ணுதுன்னு உங்க பாட்டிக்கு ஒரே பூரிப்பு. நீ கழட்டலடா, இறுக்கிக்கிட்டிருந்தே! இடப் பெடலுக்கு இட மரை, வழக்கத்துக்கு நேர்மாறாத் திருகணும். ஸ்பானரை மேல்பக்கமா நிறுத்தி, பின்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளு. ரெண்டு பக்கமும் கழலும். முன்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினா ரெண்டும் இறுகும். ரெண்டுக்கும் வல மரையே வச்சிருந்தா, மிதிக்க மிதிக்க இடப் பெடல் தானா கழண்டு நடுரோட்டுல விழுந்துரும். ஏரோப்ளேன் விட்ட ரைட் சகோதரர்கள் அமெரிக்காவுல டேட்டன்கிற ஊர்ல சைக்கிள் பண்ணி வித்தவங்க. அவங்களும் இடப்பக்கத்துக்கு இட மரைதான் போட்டாங்க. ஆகாசத்துல பறக்க நெனச்சவனுக்கே தரையில பெடல் கழலுமேங்கிற கவலை!

கழட்டிட்டியா? பழைய வேட்டியை விரிச்சு அது மேல வச்சுப் பிரி. வெறுந்தரையில பிரிச்சேன்னா உள்ள இருக்கிற பேரிங் பால்ஸ் பாதி பீரோவுக்கு அடியில போயி குடியிருக்கும். ஓரத்து மூடியை எடுத்தா நட்டு, அதுக்குக் கீழ நாக்கு வச்ச வாஷர், அப்புறம் கோன். ஒரு பக்கத்துக்கு எத்தனை பால்ஸ்னு எண்ணி எழுதி வை. படிச்ச புள்ளைதானே, எண்ணத் தெரியும்.

எல்லாத்தையும் மண்ணெண்ணெயில ஊறப் போடு. கிடைக்கலேன்னா டீசல். துடைச்சிட்டு, கோன் மேல நகத்தை ஓட்டிப் பாரு. இடறுச்சுன்னா குழி விழுந்திருக்கு, கோனை மாத்து. பெடலுக்குள்ள அடிச்சு எறக்கியிருக்கிற கப்புல குழின்னா வம்பு, அதை மாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல. பால்ஸ் தேயலேன்னு மிச்சம் பிடிக்காதே, மொத்தமும் புதுசு போடு. பழசும் புதுசும் கலந்தா புதுசு மட்டும் பாரம் சுமந்து சாகும். பெரும்பாலும் 5/32 அங்குலம் இருக்கும். அளந்து பார்க்காம கடைக்குப் போயி நிக்காதே.

கடைக்குப் போறப்ப பழைய கோனையும் ஆக்சிலையும் பையில போட்டுக்க. மரை சேருதான்னு அங்கேயே திருகிப் பாரு. 'விண்டேஜ்'ங்கிற வார்த்தை மட்டும் உன் வாயில வந்துராம பார்த்துக்க. வந்துச்சு, விலை மரமேறிரும். "அண்ணே, பழைய பெடல் கோன் ஒண்ணு"ன்னு அழுக்குச் சட்டையோட போயி கேளு. முதல்ல இல்லேம்பாரு. நகராதே, டீ வாங்கிக் கொடு. ரெண்டாவது வாய் டீக்குள்ள பின்கட்டுத் தகர டப்பா வெளிய வரும். அங்கயும் இல்லேன்னா பழைய இரும்புக் கடையில ரப்பர் கட்டை தேஞ்ச பெடல் ஒரு ஜோடி வாங்கு. வெளிய பார்க்கச் சகிக்காது, உள்ள கோன் பளிச்சுன்னு இருக்கும். ரப்பர் கட்டையைப் பத்திக் கவலைப்படாதே, அது இன்னமும் கிடைக்குது. நீளம் மட்டும் அளந்துக்க.

மாட்டுறப்பதான் உன் சூரத்தனத்தைக் காட்டாம இருக்கணும். கப்புல கிரீஸைத் தாராளமா அப்பி, பால்ஸை அதுல பதிய வை. கோனை விரலாலயே திருகு, ஒரு பொட்டு ஆட்டம் இருக்கிற மாதிரி விட்டு வை. நட்டு இறுகுறப்ப அந்த ஆட்டமும் போயிரும். முதல்லயே இறுக்கினேன்னா பெடல் சுத்தாது, உன் முட்டிதான் சுத்தும். பெடலை விரலால சுண்டி விடு. சொரசொரப்பில்லாம ஓடி, தானா நிக்கணும்.

சனிக்கிழமை வா. ஸ்பானரும் வேட்டியும் நான் தர்றேன். டீசல் உன் செலவு. கடைக்காரருக்கு டீ வாங்குறப்ப எனக்கும் ஒண்ணு சேர்த்துச் சொல்லிரு.