கடலையும் கடலும்

கேள்வி: ஆண்டிறுதி விடுமுறையில் மாணவர் குழுவோடு சென்னைக்குப் புறப்படும் என் மகளை, அங்கே பெய்யும் மழையை எண்ணித் தடுத்துவிடட்டுமா?
— ஒரு தாய், புந்தோங்

பதில்: கச்சாங் பூத்தேயினால் கீர்த்தி பெற்று, கடலை வறுத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊரிலிருந்துகொண்டு, அம்மா, கடலைக் கடக்க அஞ்சலாமா?

ஆயினும் தங்கள் கவலை நியாயமானதே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, அடையாற்றுப் பிரவாகம் ஓடுபாதையிலேயே புகுந்து விமான நிலையம் மூடப்பட, அடுத்த சில நாட்கள் பயணிகள் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அரக்கோணம் கடற்படை விமானத் தளம் சென்று ஊர் திரும்ப நேர்ந்தது.

மகளை அவசியம் அனுப்புங்கள். தங்குமிட விலாசத்தையும் சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தின் எண்ணையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த வெள்ளத்தில் கைப்பேசிகள் பலவும் ஊமையாகிவிட்டன.