குறுக்கே போகும் பூனைகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தெருப் பூனைக்குப் பாலும் தயிர்சாதமும் வைத்தால் புண்ணியம்தானே? (மாம்பலம் வாசகர்)

பதில்: புண்ணியம் வைப்பவருக்கு; வயிற்றுப்போக்கு பூனைக்கு. பால்குடி மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிப்பதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் அமினோ அமிலம் போதிய அளவு கிடைக்காவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும் என்பதால், தயிர்சாதத்தை மட்டும் நம்பி அது வாழ முடியாது. உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய மீனும், ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும்.

கேள்வி: சோறு போட்டால் கூட்டம் பெருகும், கோணியில் கட்டி அடுத்த ஊரில் விட்டால் என்ன? (தாம்பரம் குடியிருப்புச் சங்கத்தார்)

பதில்: அடுத்த ஊரிலும் குடியிருப்புச் சங்கம் இருக்கும். குப்பையும் எலியும் உள்ளவரை, காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்து சேரும். கொண்டுபோய் விடப்பட்ட பூனையோ இரைக்கும் மறைவிடத்துக்கும் வழி தெரியாமல் தவிக்கும். பசி தாகத்தால் வருந்தும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். அதன் சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரமே. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினைப்படவும் கூடும். ஆகவே பிடித்து, கருத்தடை அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் சரியான வழி. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவு வைத்துப் பழக்கி, கால்நடை மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து உணவை நிறுத்தி, கூண்டில் செய்தித்தாள் விரித்து அதன் கடைக்கோடியில் மணமுள்ள மத்தி மீனை வைத்தால் பசித்த பூனை உள்ளே வரும். கதவு விழுந்தவுடன் கூண்டைப் பழைய போர்வையால் மூடிவிட வேண்டும்; இருட்டில் பூனையின் மிரட்சி தணியும். அறுவையின்போது மயக்கத்திலேயே காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவதால், கருத்தடை செய்யப்பட்ட பூனையை எட்ட நின்றே அடையாளம் காணலாம். அது மறுமுறை கூண்டுக்குள் அவதிப்பட வேண்டியதில்லை.

கேள்வி: மாடிப்படிக்கு அடியில் குட்டிகள் கத்துகின்றன, தாயைக் காணவில்லை. தூக்கி வரலாமா? (மதுரை வாசகி)

பதில்: பொறுக்க வேண்டும். தாய் பெரும்பாலும் இரை தேடித்தான் போயிருக்கும். ஆள் நின்றால் திரும்பி வரத் தயங்கும். சில மணி நேரம் விலகி நின்று பார்த்தும் அது வராவிட்டாலோ, குட்டிகளை எறும்பு மொய்த்தாலோ, உடல் சில்லிட்டிருந்தாலோ மட்டும் எடுத்து, கதகதப்பாக வைத்து மருத்துவரிடம் கொண்டுசெல்லலாம்.

கேள்வி: உதவப் போனவரையே பூனை பிறாண்டினால்? (கோவை வாசகர்)

பதில்: பூனைக்குக் கோபம், மனிதருக்குக் காயம், இரண்டில் காயத்துக்கே அவசரம் அதிகம். மஞ்சள் வைத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. பூனையாலும் ரேபிஸ் பரவும். அந்நோய் முற்றினால் பிழைப்பது மிக அரிது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.