எழவு வீட்டுக் காப்பி

கேள்வி: கொலை, கடத்தல், பிணம் எல்லாவற்றையும் வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கிறார்கள். தியேட்டரில் ஜனங்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எப்படி சார் மனசு வருகிறது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: எங்கள் பாட்டி இறந்த அன்று பெரிய அத்தை மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். கேட்டவர் கண்ணெல்லாம் ஈரம். பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்தி, "அந்தப் பாலை மூடி வைங்கடி, பூனை சுத்துது" என்றார். அடுத்த மூச்சில், விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார். தாழ்வாரத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அழுகையும் அதோடு சேர்ந்தே வந்தது.

அத்தையின் அழுகையும் நிஜம், பூனையும் நிஜம். எழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் காப்பி வரும். ஒரு வாய் குடித்துவிட்டு "சர்க்கரை கம்மி" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியுமா? நாலு நாள் தூங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவராகவே இருப்பார். அழுகைப் படங்கள் இந்தச் சர்க்கரையைக் கத்தரித்துவிடுகின்றன. நீங்கள் சொல்லும் டார்க் காமெடி அதை அப்படியே வைத்துக்கொள்கிறது. சாவு வந்தும் நிற்காத சில்லறைக் காரியங்களைப் பார்த்துத்தான் தியேட்டரில் அந்தச் சிரிப்பு வருகிறது. அது நம் வீட்டுச் சிரிப்பு.

கேள்வி: டார்க் காமெடி, அபத்த நகைச்சுவை – இரண்டும் ஒன்றா?

பதில்: பங்காளிகள். டார்க் காமெடியில் விஷயம் பயங்கரம். அபத்தத்தில் காரணகாரியம் கழன்றுவிடும். ஸ்பெயின்காரர் லூயிஸ் புனுவல் 1962இல் எடுத்த 'எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்' படத்தில், விருந்துக்கு வந்த பெரிய மனிதர்களால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே போக முடியவில்லை. யாரும் தடுக்கவில்லை. வாசல் திறந்தேதான் கிடக்கிறது. ஏன் போக முடியவில்லை என்று புனுவல் கடைசிவரை சொல்வதில்லை. நாள் செல்லச்செல்ல அந்தக் கனவான்கள் குடிதண்ணீருக்கு அடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது, காரணம் தெரியவேண்டும் என்ற எண்ணமே நமக்குப் போய்விடுகிறது.

கேள்வி: டார்க் காமெடிக்குக் கறுப்பு நகைச்சுவை என்ற பெயரை யார் வைத்தது?

பதில்: பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெதோன் 1940இல் தொகுத்த நூல்தான் அந்தப் பெயரை உலகமெங்கும் பரப்பியது. அவர் முதல் இடம் கொடுத்தது ஜொனாதன் ஸ்விஃப்ட்டுக்கு. அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்றுப் பிழைக்கலாம் என்று 1729இல் யோசனை சொன்ன மனிதர். ஏழைகளைத் தின்றுகொண்டிருந்தவர்களின் முகத்துக்கு நேராக நீட்டிய கண்ணாடி அது.

கேள்வி: டார்க் காமெடி ரசிப்பவர்கள் அதிபுத்திசாலிகள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, நிஜமா? (திருச்சி வாசகி)

பதில்: 2017இல் வியன்னாவில் ஓர் ஆய்வு வந்தது. 156 பேருக்கு இத்தகைய கார்ட்டூன்களைக் காட்டினார்கள். அவற்றை நன்றாகப் புரிந்துகொண்டு ரசித்தவர்கள் அறிவுத்திறன் சோதனையில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். வாட்ஸ்அப்காரர் இதோடு நிறுத்திவிட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது மீதிப் பாதி: அவர்களிடம்தான் முரட்டுத்தனமும் மனக்கலக்கமும் குறைவாக இருந்தன. கொடூர மனம் படைத்தவர்களே இதையெல்லாம் ரசிப்பார்கள் என்று நம்பும் பெரியவர்களுக்கு அந்தப் பாதியை அனுப்பிவையுங்கள். 156 பேர் என்பது சின்னக் கூட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த வகையில் ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்க?

பதில்: மிலோஷ் ஃபோர்மன் எடுத்த 'ஃபயர்மென்ஸ் பால்', 1967, செக்கோஸ்லோவாக்கியா. எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஒரு சின்ன ஊர். தீயணைப்பு வீரர்கள் ஆண்டு விழா நடத்துகிறார்கள். 86 வயது முன்னாள் தலைவருக்குப் புற்றுநோய். அவருக்கு ஓர் அலங்காரக் கோடரி பரிசளித்துக் கௌரவிக்க ஏற்பாடு. குலுக்கலுக்குப் பரிசுப் பொருள்களை மேசையில் அடுக்கி வைக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. காவலுக்கு நின்ற தீயணைப்பு வீரரின் மனைவியே எடுக்கிறாள். எல்லோரும் எடுக்கும்போது நாம் மட்டும் ஏன் சும்மா இருக்கவேண்டும் என்பது அவள் நியாயம்.

நடுவில் ஒரு கிழவரின் வீடு தீப்பற்றுகிறது. வண்டி பனியில் சிக்கிக்கொள்கிறது. வீரர்கள் மண்வெட்டியால் பனியை அள்ளி நெருப்பில் போடுகிறார்கள். வீடு போய்விட்டது. இரவு உடையோடு கிழவர் குளிரில் நடுங்குகிறார். பாவம், குளிருமே என்று அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தூக்கி, எரிகிற அவர் வீட்டுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போடுகிறார்கள்.

அந்த இடத்தில் சிரிக்காதவரை நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்த கையோடு முகம் சுருங்காதவரையும் பார்த்ததில்லை. அந்தச் செயலில் துளிக் கெட்ட எண்ணம் இல்லை. முழுக்க முழுக்க அன்பு. பிறகு ஊர்ஜனம் மனமிரங்கித் தங்கள் குலுக்கல் சீட்டுகளைக் கிழவருக்குத் தருகிறது. பரிசுகள்தான் ஒன்றும் மிச்சமில்லையே! விளக்கை அணைக்கிறோம், எடுத்தவர்கள் இருட்டில் திருப்பி வைத்துவிடுங்கள் என்று அறிவிக்கிறார்கள். விளக்கு எரிந்ததும் பார்த்தால், திருப்பி வைக்க வந்த ஒரே ஒரு நேர்மையான மனிதன் கையும் களவுமாக நிற்கிறான். மேசையில் மீதமிருந்ததும் போய்விட்டது. கடைசியில் முன்னாள் தலைவர் பரிசுப் பெட்டியைத் திறக்கிறார். கோடரியும் இல்லை.

1968இல் சோவியத் படைகள் நாட்டுக்குள் நுழைந்த பிறகு படத்தை முடக்கிவிட்டார்கள். நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிகர்களே அல்ல, சாதாரண ஊர்க்காரர்கள். ஃபோர்மன் அமெரிக்கா போய் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். எனக்கு அவர் இந்தப் படத்தின் இயக்குநர்தான்.

கேள்வி: சிரிப்புப் படத்துக்கு அரசாங்கங்கள் ஏன் இப்படிப் பயப்படுகின்றன?

பதில்: திட்டுகிறவனுக்குப் பதில் சொல்லலாம், சிறையிலும் தள்ளலாம். சிரித்துவிட்ட கூட்டத்தைச் சிரிக்காத கூட்டமாகத் திரும்ப மாற்ற எந்தச் சட்டத்திலும் வழியில்லை. ஸ்டாலினின் மரணத்தை வைத்து எடுத்த 'டெத் ஆஃப் ஸ்டாலின்' படத்துக்குக் கொடுத்த உரிமத்தை ரஷ்யா 2018 ஜனவரியில், வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு திரும்பப் பெற்றது. மான்டி பைத்தான் குழுவின் 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்தை நார்வே தடைசெய்தபோது, பக்கத்து நாடான சுவீடனில், நார்வேயில் தடைசெய்யும் அளவுக்குச் சிரிப்பான படம் என்று விளம்பரம் செய்தார்கள்.

கேள்வி: அணுகுண்டில் என்ன சிரிப்பு? குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' எனக்குப் பிடிபடவில்லை. (கோவை வாசகர்)

பதில்: அந்தப் படம் பீட்டர் ஜார்ஜின் 'ரெட் அலர்ட்' என்ற சீரியஸான நாவலிலிருந்து பிறந்தது. குப்ரிக்கும் சீரியஸாகத்தான் திரைக்கதை எழுதத் தொடங்கினார். எழுத எழுத, சிரிப்பு வந்துவிடுமே என்று பல விஷயங்களை நீக்கவேண்டியிருந்தது. நீக்கியவை எல்லாம் நடக்கக்கூடியவை என்று புரிந்ததும் பாதையை மாற்றிக்கொண்டார். 1964இல் படம் வந்தது.

மறுபடி பார்க்கும்போது இரண்டு காட்சிகளைக் கவனியுங்கள். கிறுக்குப் பிடித்த ஒரு தளபதி ரஷ்யாவின் மேல் குண்டுபோட விமானங்களை அனுப்பிவிட்டான். அவற்றைத் திரும்ப அழைக்கும் ரகசியக் குறியீடு பிரிட்டிஷ் அதிகாரி ஒருவருக்குத் தெரியும். ஜனாதிபதிக்குப் போன் செய்யவேண்டும். பொது டெலிபோனில் போடச் சில்லறை இல்லை. பக்கத்தில் கோகோ கோலா இயந்திரம். அதைச் சுட்டு உடைத்துக் காசு எடு என்கிறார். கூட இருக்கும் ராணுவ கர்னல் தயங்குகிறார்: அது தனியார் சொத்தாம். பூமியே அழியப் போகும்போது பேசுகிற பேச்சு! அடுத்தது, அமெரிக்க ஜனாதிபதி குடிபோதையில் இருக்கும் சோவியத் பிரதமரிடம் போனில் மன்னிப்புக் கேட்பது. யாருக்கு வருத்தம் அதிகம் என்பதில் இருவருக்கும் மனத்தாங்கல் வந்துவிடுகிறது, சம்பந்திகளைப் போல. பீட்டர் செல்லர்ஸ் அந்த ஜனாதிபதியை ஒரு பொறுப்பான, பண்பான மனிதராகவே நடித்திருப்பார். கோமாளியாக நடித்திருந்தால் காட்சி செத்திருக்கும்.

கேள்வி: நம் நாட்டில் இதற்கெல்லாம் முன்னோடி உண்டா?

பதில்: சினிமாவில், குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ', 1983. பம்பாயில் இரண்டு ஏழைப் புகைப்படக்காரர்கள். ஊழலில் பங்குபெற்ற மாநகராட்சி ஆணையரின் பிணம் அவர்கள் கையில் சிக்குகிறது. துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி ஓடி ஒரு நாடக மேடைக்குள் புகுந்துவிடுகிறார்கள். மேடையில் துகிலுரிதல். பிணத்துக்குத் திரௌபதி வேஷம். சபை நடுவே ஒரு செத்த அதிகாரிக்காக ஆளாளுக்கு இழுபறி. கண் தெரியாத திருதராட்டிரனுக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். முடிவில் குற்றவாளிகள் எல்லோரும் தப்பிக்கிறார்கள். இந்த அப்பாவிகள் இருவரும் கைதி உடையில் நடந்து வருகிறார்கள். சிரித்த வயிற்றிலேயே அடி.

சினிமாவுக்கு முன்னால் என்றால், நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுகிற வாயாலேயே ராஜாவைக் கிண்டல் செய்ய உரிமை பெற்றவன். எதிரே ஊர்ஜனம் விடியவிடிய உட்கார்ந்து பாரதத்துக்கு அழுகிறது. இவன் பேச்சுக்குச் சிரிக்கிறது. அழுகிற சபையில் சிரிப்புக்கும் இடம் உண்டு என்பது நம் ஜனத்துக்கு எப்போதோ தெரியும்.

கேள்வி: 'சூது கவ்வும்' ஏன் அப்படி ஓடியது?

பதில்: நலன் குமரசாமி 2013இல் ஒரு காரியம் செய்தார். யாரையும் ஜோக் அடிக்க விடவில்லை. நயன்தாராவுக்குக் கோயில் கட்டியவன் அதை முழு பக்தியோடு செய்கிறான். விஜய் சேதுபதி தன் கண்ணுக்கு மட்டும் தெரியும் காதலியோடு பேசுவது அவருக்குச் சர்வசாதாரணம். கடத்தலுக்கு ஐந்து விதிகள் வைத்திருக்கிறார். அலுவலக நடைமுறையைப் போல அவற்றை ஒப்பிக்கிறார். படத்தில் ஒரே யோக்கியர் எம்.எஸ். பாஸ்கர் நடித்த அமைச்சர். தன்னைக் கடத்தியவர்களோடு பங்கு பேசிய மகன் அந்த நாற்காலிக்கு வருகிறான். இதைப் பார்த்துத் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் கைதட்டின. நடப்பை அறிந்தவர்களின் கைதட்டல் அது.

கேள்வி: 'ஆரண்ய காண்டம்' படம்?

பதில்: 2011இல் அது வந்தபோது தியேட்டர் காலியாக இருந்தது. தமிழ் ரசிகர்களாகிய நாம் அந்தப் படத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

கேள்வி: குடும்பத்தோடு பார்க்க ஒன்று சொல்லுங்கள்.

பதில்: கன்னடத்தில் ராம் ரெட்டி எடுத்த 'திதி', 2015. 101 வயதுத் தாத்தா இறந்துபோகிறார். பதினோராம் நாள் காரியம் வரை நடப்பதுதான் கதை. மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று முழுக் குடும்பமே படத்தில் இருக்கிறது. நடித்தவர்கள் மண்டியா பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். நிலத்தை எப்படி விற்பது என்று பேரன் தவிக்கிற தவிப்பில் உங்கள் சித்தப்பா யாராவது தெரிவார்.

கேள்வி: டார்க் காமெடிக்கு எல்லையே கிடையாதா?

பதில்: உண்டு. சாப்ளின் 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்து ஹிட்லரைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைத்தார். 1964இல் வெளிவந்த சுயசரிதையில், வதைமுகாம்களின் உண்மைக் கொடுமை அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று எழுதினார். அந்த மாபெரும் கலைஞனுக்கே கை நடுங்கும் இடம் ஒன்று இருந்தது. இன்று நம் படங்களில் ஒருவரின் நிறத்தையும் எடையையும் திக்குவாயையும் கிண்டலடித்துவிட்டு, கேட்டால் டார்க் காமெடி என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அத்தையின் ஒப்பாரிக்கு நடுவே பூனை வந்தால் சிரிக்கலாம். அத்தையின் பல் எடுப்பாக இருப்பதைப் பார்த்துச் சிரிப்பவனை எழவு வீட்டில் யாரும் சேர்க்கமாட்டார்கள்.

கேள்வி: அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐஸ் பெட்டியைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, தம்பி சட்டைப்பையில் இருந்த அப்பாவின் போன் அடித்தது. தம்பி ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். ஒரு பெண் குரல், "சார், உங்களுக்குப் பத்து லட்சம் பர்சனல் லோன் ரெடியா இருக்கு" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. உறவுக்காரர்கள் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். நான் செய்தது பாவமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இல்லை, அம்மா. கடைசிவரை கடனுக்கு அலைந்த அப்பாவாக இருந்தாலும், கடனே கூடாது என்று வாழ்ந்த அப்பாவாக இருந்தாலும், அந்த அழைப்புக்கு முதலில் சிரித்திருக்கக்கூடியவர் அவர்தான். நீங்கள் அவர் மகள்.

மலையாளத்தில் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்த 'ஈ.ம.யௌ.' என்ற படம் இருக்கிறது, 2018இல் வந்தது. கடலோரத்து ஏழை வீடு. அப்பாவுக்கு ஊர் மெச்ச இறுதிச்சடங்கு நடத்துவதாக மகன் வாக்குக் கொடுக்கிறான். அதே இரவில் அப்பா போய்விடுகிறார். மழை, வதந்தி, ஊர்வாய், சந்தேகப்படும் பாதிரியார் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காமல், கடைசியில் மகன் கொட்டுகிற மழையில் தன் வீட்டு முற்றத்திலேயே குழி வெட்டுகிறான். அவனும் சிரிக்கவில்லை, அந்த இடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. நாம்தான் சிரிக்கிறோம், தொண்டை அடைக்க.

இப்போது பார்க்காதீர்கள். வருஷத் திதி முடியட்டும். பிறகு அம்மாவையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதுவரை அப்பாவின் போன் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள்.