வாய்க்கு ஒரு பெட்டி, காதுக்கு ஒரு பெட்டி

நாகர்கோவிலில் பஸ் ஏறி ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம். அங்கே விஜயநாராயணத்தில் 471 மீட்டர் உயரக் கம்பங்கள் நிற்கின்றன. கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990இல் திறந்தார்கள். கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்கு அங்கிருந்து சேதி போகிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசை. உப்புத்தண்ணீரையே துளைத்துக்கொண்டு இறங்கும்.

ஆக, கடலுக்கு அடியில் கிடக்கிறவனுக்குச் சேதி சொல்ல நமக்குத் தெரியும். கடலுக்கு மேலே மிதக்கிறவனுக்குத்தான் தெரியாது.

வழியிலேயே மகேந்திரகிரி. பி.எஸ்.எல்.வி.க்கான விகாஸ் எஞ்சினை உறுமவிட்டுப் பார்க்கிற இடம். அந்த ராக்கெட்டில் ஏறித்தான் வழிகாட்டும் நாவிக் செயற்கைக்கோள்கள் ஏழும் 2016 ஏப்ரலுக்குள் மேலே போய்ச் சேர்ந்தன. மலைக்கு அந்தப் பக்கம் விண்வெளி. இந்தப் பக்கம் மீனவ ஊர் தூத்தூர்.

2017 நவம்பர் 29ஆம் தேதி தாழ்வு மண்டலம். 30ஆம் தேதி காலை அது ஒக்கிப் புயல். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவித்தார்கள். அருமையான அறிவிப்பு. ஒரே ஒரு குறை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை ஆட்கள் சுறாவுக்குத் தூண்டில் போடப் போனால் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். அறிவிப்பு வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே போய்விட்டார்கள். போனவனிடம் போகாதே என்று சொன்ன அரசு. அதையும் கரையில் நின்று, கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்ன அரசு.

படகில் வயர்லெஸ் இல்லையா? இருந்தது. வி.எச்.எஃப். செட். அதன் அலை நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் கொஞ்ச தூரத்தில் கடலே குறுக்கே வந்துவிடும். படகுக்குப் படகு பத்துப் பதினைந்து கடல் மைல் பேசலாம். நூறு மைலுக்கு அப்பால் இருப்பவன் கரையைக் கூப்பிட்டால் கேட்பது கடவுளுக்கு மட்டும்தான். அப்படியும் ஒரு படகு சொல்ல, அடுத்தது கேட்டுச் சொல்ல, அதற்கடுத்தது சொல்ல, சங்கிலியாகச் சேதி போய்ச் சிலர் பிழைத்தார்கள். பலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவின் தேவ்கட்டிலும் போய் ஒதுங்கினார்கள். பலர் எங்கும் ஒதுங்கவில்லை.

எத்தனை பேர் அப்படி? அதற்கு மட்டும் நாளுக்கு ஒரு கணக்கு இருந்தது. டிசம்பர் 27ஆம் தேதி நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் சொன்ன கணக்கு 661. அதில் தமிழ்நாடு 400. புயல் வந்து ஒரு மாதம் ஆகப்போகிற வேளையில், காணாமல் போனவர்கள் எண்ணிக்கை கிராமத்துக் கோயில் நோட்டில் ஒன்று, கலெக்டர் ஆபீஸ் பட்டியலில் ஒன்று, டெல்லியில் ஒன்று.

டிசம்பர் 7ஆம் தேதி மீனவ ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். உடனே கேட்டது. 12ஆம் தேதி முதலமைச்சர் வந்தார். 19ஆம் தேதி பிரதமர் வந்தார். சென்னைக்கும் டெல்லிக்கும் பழுதில்லாமல் சிக்னல் போகிற ஒரே கம்பி தண்டவாளம்தான் போலிருக்கிறது.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். பழைய ரேடியோ செட்டில் எந்த அலைவரிசை, எந்த முறை என்பதை உள்ளே இருக்கும் சுருளும் வடிகட்டியும் முடிவு செய்யும். ஒன்றுக்காகச் செய்தால் அந்த ஒன்றுதான். மென்பொருள் ரேடியோ அப்படியில்லை. வருகிற அலையை அப்படியே எண்ணாக மாற்றிவிடும். பிறகு எல்லாம் கணக்கு. கணக்கை மாற்றினால் செட் மாறிவிடும். நம்ம ஊர் வில்லுப்பாட்டுப் புலவர் மாதிரி. ஆள் ஒருவர், தொண்டை ஒன்று. ராஜாவும் அவரே, இசக்கியும் அவரே, கள்ளனும் அவரே. 1991லேயே ஜோசஃப் மிடோலா என்ற அமெரிக்கர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். 2012இல் டி.வி. பார்க்க விற்ற பெருவிரல் அளவு டாங்கிளே இந்த வேலையைச் செய்யும் என்று பொழுதுபோக்காகக் குடைந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். விலை சில ஆயிரம் ரூபாய்.

குளச்சலில் ஒரு மொட்டை மாடியில் அதைப் பார்த்தேன். உறவுக்காரப் பையன். பெயர் வேண்டாம், சாராயம் காய்ச்சினவனுக்குக்கூட ஜாமீன் உண்டு, வயர்லெஸ் என்றால் நம் அதிகாரிகளுக்கு முகமே மாறிவிடும். துணி காயப்போடுகிற கம்பியில் ஒரு ஆன்டெனா. லேப்டாப் திரையில் நீலமாக ஏதோ மேலிருந்து வழிந்துகொண்டிருந்தது. நடுவே மஞ்சளாக இரண்டு கீற்று துடித்துத் துடித்து வந்தது. "161.975, 162.025. கப்பல் பேசுது மாமா" என்றான். நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன் என்று ஒவ்வொரு சரக்குக் கப்பலும் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. எந்த நாட்டுக் கப்பலோ, எங்கள் கடலில் எங்கே நிற்கிறது என்று ஒரு கல்லூரிப் பையனுக்குத் தெரிகிறது. எங்கள் ஊர் ஆண்கள் எங்கே இருந்தார்கள் என்று ஒரு சர்க்காருக்குத் தெரியவில்லை.

இந்த வித்தை அரசுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். டேராடூனிலும் பெங்களூரிலும் நம் விஞ்ஞானிகளே உருவாக்கினார்கள். கடற்படைக் கப்பல்களுக்கு மென்பொருள் ரேடியோ வாங்க 2021 பிப்ரவரியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தோடு 1,000 கோடிக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரே செட்டில் நான்கு சேனல், பல அலைவரிசை. வேண்டாம் என்று யார் சொன்னது? போர்க்கப்பலுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அதே தண்ணீரில், அதே அலையில் போகிற இன்னொருவனுக்கு என்ன கொடுத்தீர்கள்?

முதலில் ஒரு பெட்டி. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி, 2010 முதல் புழக்கத்தில். ஆபத்தென்றால் பொத்தானை அழுத்தலாம். சேதி செயற்கைக்கோள் வழியாகப் போகும். போய்ச் சேர்ந்ததா, யாராவது பார்த்தார்களா, வருகிறார்களா, ஒன்றும் தெரியாது. அந்தப் பெட்டிக்கு வாய் உண்டு, காது கிடையாது.

ஒக்கி முடிந்தது. 2019 அக்டோபரில் இன்னொரு பெட்டி: ஜெமினி. விலை 9,000 ரூபாய். நிலத்திலிருந்து வெகுதூரம் போனாலும் புயல் எச்சரிக்கை வரும். அதைப் பக்கத்தில் இருக்கும் செல்போனுக்கு அனுப்பும். மீனவன் மறுமொழி சொல்ல முடியாது. இந்தப் பெட்டிக்குக் காது உண்டு, வாய் கிடையாது.

கவனியுங்கள். வாய் மட்டும் உள்ளது ஒன்று, காது மட்டும் உள்ளது ஒன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் போட, பொத்தானை அழுத்தியவனுக்கு "கேட்டது" என்று ஒரு வார்த்தை திரும்பிவர, 2024 ஜனவரி ஆனது. பதினாலு வருஷம். அந்தக் கருவிக்கு இரண்டாம் தலைமுறை என்று பெயர். கடலிலும் அதற்குள் இரண்டாம் தலைமுறை வந்துவிட்டது. முதல் தலைமுறையில் பலர் திரும்பவில்லை.

வானத்தில் வசதி இல்லாமலா? ஒக்கிக்கு இரண்டு வருஷம் முன்பே, 2015 ஆகஸ்டில், ஜிசாட்-6 மேலே போய்விட்டது. ஆறு மீட்டர் ஆன்டெனாவைக் குடை மாதிரி விரித்துக்கொண்டு நிற்கிறது. சின்னஞ்சிறு கருவிகளோடு பேசுவதற்கென்றே செய்த செயற்கைக்கோள். குடை விரிந்திருந்தது. நனைந்தவர்கள் கீழே இருந்தார்கள்.

சரி, சொந்தக் காசில் சாட்டிலைட் போன் வாங்கிக்கொள்ளலாமா? துரையா, இரிடியம் எல்லாம் தடை. கையில் இருந்தால் வழக்கு. எந்தச் சட்டம்? 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். தந்தியே 2013 ஜூலையில் செத்துவிட்டது. சட்டம் சாகவில்லை, புதுச் சட்டம் 2023 டிசம்பரில்தான் நிறைவேறியது. ஆபத்து என்றால் 1554க்குப் போன் செய்யச் சொன்னார்கள். கடலோரக் காவல்படையின் இலவச எண். செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் என்றால் நீந்தியே கரைக்கு வந்துவிடலாமே, ஐயா!

கோளாறு எஞ்சினியர்களிடம் இல்லை. ஒக்கி வந்த அன்று புயலைப் பார்த்தது புவி அறிவியல் அமைச்சகம். மீனவன் வேளாண்மை அமைச்சகத்துக் கணக்கு. தேடப்போகிற கப்பல் பாதுகாப்பு அமைச்சகம். அலைக்கற்றை தொலைத்தொடர்புத் துறை. செயற்கைக்கோள் விண்வெளித் துறை. ஐந்தும் ஐந்து அலைவரிசையில் பற்றவைத்த பழைய செட்டுகள். அலைவரிசையை நொடியில் மாற்றிக்கொள்கிற ரேடியோ கண்டுபிடித்தாகிவிட்டது. இந்த செட்டுகளின் திருகைத் தொட ஒருவர் இல்லை. ஒன்று இரைந்தால் மற்றது "அது எங்கள் சேனல் இல்லை" என்கிறது.

2024 ஆகஸ்ட் 30ஆம் தேதி மகாராஷ்டிராவில் பால்கரில் பிரதமர் இன்னொரு திட்டத்தைத் தொடங்கினார். ஒரு லட்சம் படகுக்கு இருவழிப் பெட்டி, இலவசமாக, சுமார் 360 கோடி செலவில். நல்ல திட்டம். ஒக்கியின் ஏழாம் ஆண்டுத் திருப்பலிக்கு மூன்றே மாதம் இருந்தது.

சின்னத்துறையில் ஒரு படகுக்காரரிடம் இதைச் சொன்னேன். அறுபது வயதிருக்கும். பழைய ஜெமினியைப் பாலிதீன் பையில் சுற்றி, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் பேசுமா? நல்லதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு நாங்க கூப்பிட்டா அந்தப் பக்கம் யாரு சார் எடுப்பா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே துருப்பிடித்த வி.எச்.எஃப். செட்டின் மைக்கை எடுத்து அழுத்தினார். ஒரு இரைச்சல். பிறகு, எங்கோ எட்டு மைலுக்கு அப்பால் இருந்து, தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்:

"கேக்குது மச்சான். சொல்லு."