ஒன்பதுக்கு எதுகை உண்டா? காலாப்பட்டுப் பெற்றோர்வழி ஓர் ஆய்வு

ஆய்வு என்று வந்துவிட்டால் முதலில் எல்லை வகுக்க வேண்டும். காலாப்பட்டில் அதுவே பெரிய வேலை. புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால், முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம் வரும். அது தமிழ்நாடு. முதலியார்சாவடிகள் இரண்டும், பொம்மையார்பாளையமும் தமிழ்நாடுதான். அதற்கப்புறம் மறுபடியும் புதுச்சேரி. அதாவது, புதுச்சேரியிலிருந்து புதுச்சேரிக்குப் போக ஒரு மாநிலத்தைக் கடந்தாக வேண்டும். இது போதாதென்று காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய மூன்றையும் மூன்று திசையில் தள்ளிவைத்துவிட்டு, நான்கையும் சேர்த்து ‘ஒன்று’ என்று எண்ணுகிறது இந்த ஆட்சிப் பகுதி. ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு குழந்தைப் புத்தகத்தை ஆராய இதைவிடத் தோதான களம் கிடைக்காது என்பது துணிபு.

இனி ஆய்வுப் பொருள். சென்னையில் 1994-இல் தொடங்கிய தாரா பதிப்பகம் 2003-இல் ‘ஒன், டூ, ட்ரீ!’ என்ற ஆங்கிலப் படப் புத்தகத்தை வெளியிட்டது. எழுதியவர்கள் அனுஷ்கா ரவிசங்கரும் சிரிஷ் ராவும். படம் வரைந்தவர் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் துர்காபாய்; 2022-இல் பத்மஸ்ரீ பெற்றவர். கதை எளிது. ஓர் எறும்பு மரத்தில் ஏறுகிறது. அடுத்து இரண்டு, அப்புறம் மூன்று என்று உருவத்தில் பெருத்துக்கொண்டே போகும் பிராணிகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன; கடைசியில் பத்து யானைகள். மரமும் சளைக்காமல் இடம் கொடுக்கிறது. வரிகள் சந்தத்தோடு போகும். என் மகளுக்கு நான்கு வயது. அவளுக்காக வாங்கிய பிரதிதான் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது.

மாதிரி திரட்டிய முறை: பள்ளி வேன் வரும் நிறுத்தம். வேன் தாமதமாக வரும். தாமதத்தில் அப்பா அம்மாக்களுக்குப் பேச விஷயம் வேண்டும். நான் புத்தகத்தை நீட்டினேன். இப்படிப் பதினொரு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் ஒரே வீட்டுக்காரர்கள், ஆனால் ஒரே கருத்துக்காரர்கள் அல்லர். தாத்தா பாட்டிகள் பெற்றோர் என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள். ஆனாலும் அவர்களை யாராலும் வெளியே நிறுத்த முடியவில்லை.

அட்டையைப் பார்த்ததுமே முதல் கருத்து வந்துவிட்டது.

“சார், த்ரீக்குப் பதிலா ட்ரீன்னு அடிச்சிருக்கான் பாருங்க. இதைப் படிச்சா புள்ளைக்கு ஸ்பெல்லிங் என்னத்துக்கு ஆகும்?”

பதினொருவரில் ஐவர் இதே குறையைச் சொன்னார்கள். புத்தகத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு மாற்றிக்கொள்ளும்படி ஒருவர் அன்போடு யோசனையும் சொன்னார். அது பிழையல்ல, மூன்றையும் மரத்தையும் ஒரே சொல்லில் ஏற்றிய சிலேடை என்று விளக்கினேன். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பா பாடினார் காளமேகம். அவரிடம் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். “காளமேகம் எல்.கே.ஜி. அட்மிஷனுக்குப் போகலையே சார்” என்றார் அவர். இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

இரண்டாவது குறை, புத்தகம் பத்தோடு நின்றுவிடுவது. “எங்க பையன் நூறு வரைக்கும் சொல்றான், இது பத்துலயே முடிஞ்சிடுச்சே” என்று அப்பாக்கள் சொன்னார்கள். அம்மாக்கள் அப்படிச் சொல்லவில்லை. படுக்கும் நேரத்தில் நூறு வரை எண்ண வேண்டியது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இங்கே வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, திண்ணைப் பள்ளிக் கணக்கை ஆராய்ந்து 2022-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று அந்தக் காலப் பிள்ளைகள் எதையெதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள் என்பதை அதில் விரிவாகக் காணலாம். பொன்னிலக்கம் ஒன்றில் தொடங்குவதே இல்லை. முந்திரியில் தொடங்கும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அப்புறம் அரைக்காணி, காணி, மா என்று ஏறி ஏறித்தான் ஒன்றுக்கு வர வேண்டும். ஆகவே, நம் முப்பாட்டன் கண்ணுக்கு இந்தப் புத்தகத்தின் குற்றம் பத்தில் முடிவதல்ல, ஒன்றில் தொடங்குவது. ‘பிள்ளை முந்திரிகூடத் தெரியாமல் எறும்புக்கு வந்துவிட்டானே’ என்று அவர் கவலைப்பட்டிருப்பார். இந்தத் தகவலைச் சொன்னதும், நூறு வரை எண்ணும் பையனின் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த வாரம் அவர் வீட்டில் முந்திரி வகுப்பு தொடங்கியிருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன்.

மூன்றாவது வகைக் கருத்துகள் தொழில் சார்ந்தவை. காலாப்பட்டில் இதற்குப் பஞ்சமில்லை. மத்தியப் பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, மத்திய சிறை, மீனவர் குப்பங்கள் என எல்லாமே இங்கு கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பொறியியல் கற்பிக்கும் ஓர் அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை. கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் 55. யானைகள் மட்டும் தலைக்கு நான்கு டன் வைத்தாலும் 40 டன். “இது என்ன மரம்னு போட்டிருக்கா சார்?” என்று கேட்டார்.

சிறைக்காவலர் ஒருவருக்கு எடையைப் பற்றிக் கவலையில்லை. எண்ணிக்கைதான் அவருக்கு முக்கியம். ஏறியவர்கள் 55 என்றால் இறங்கும்போதும் 55 இருக்க வேண்டும். இறங்கும் கணக்கை யார் எழுதியது என்பது அவர் கேள்வி. புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அவருக்குத் திருப்தியில்லை.

இனி நாம் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வருகிறோம். எதுகை.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் நாமே பாட்டுக் கட்டிச் சொன்னால் என்ன என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா கேட்டார். நல்ல யோசனை. வேன் வருவதற்குள் ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒண்ணுக்குக் கண்ணு கிடைத்தது, பொண்ணு கிடைத்தது, மண்ணும் கிடைத்தது. மூணுக்குத் தூணு. நாலுக்கு வாலு, குழந்தைப் பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்! அஞ்சுக்குக் குஞ்சு. ஆறுக்குச் சோறு, ஏழுக்குக் கூழு, எட்டுக்குப் புட்டு என்று பாட்டு சட்டென்று சாப்பாட்டுப் பக்கம் திரும்பியது. அப்போது மதியம் ஒன்றரை மணி. பத்துக்கு முத்து.

ஒன்பதில் வண்டி நின்றது.

ஒம்பதுக்கு அம்பது ஒன்றுதான் சரியாக ஒலிக்கிறது. எண்ணும் புத்தகத்தில் ஒன்பதை அடுத்து ஐம்பது வந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘கொம்பது’ என்று ஒருவர் இழுத்துப் பார்த்தார். ‘வம்பது’ என்றார் இன்னொருவர். அவர்கள் இருவரும் அதற்குமுன் பேசிப் பழகியவர்கள் அல்லர்.

ஒன்பது தமிழில் என்றைக்குமே சிக்கலான எண். மற்ற எண்கள் தம் வீட்டில் இருக்கும். ஒன்பது அடுத்த வீட்டில் குடியிருக்கும். ஒன்பதுக்குள் பத்து ஒளிந்திருக்கிறது. தொண்ணூறுக்குள் நூறு. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் எப்படித் தொண்ணூறாகும், ஒன்பதும் நூறும் சேர்ந்தால் எப்படித் தொள்ளாயிரமாகும் என்று தொல்காப்பியரே விதி எழுத வேண்டியதாயிற்று. எழுத்ததிகாரத்தில் குற்றியலுகரப் புணரியலில் அதைச் செய்கிறார். அது ஒன்பதாவது இயல். தற்செயல் என்போரும் உளர்.

ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்று இன்னொரு பழம்பெயர் இருந்திருக்கிறது, பரிபாடலில் பார்க்கலாம். அந்தச் சொல் மட்டும் வழக்கில் நிலைத்திருந்தால் நம் பெற்றோர் தவித்திருக்க மாட்டார்கள். தொண்டு, வண்டு, நண்டு, செண்டு என்று கொட்டிக் கிடந்திருக்கும். மீட்டெடுக்கலாமே என்று முன்மொழிந்தேன். “தொண்டுன்னா சோசியல் சர்வீஸ்தானே சார்?” என்றார் அலுவலக அம்மா. தீர்மானம் தோற்றது.

இந்த இடத்தில்தான் பெரிய காலாப்பட்டு மீனவர் தெருவிலிருந்து பேரனை அழைத்துப்போக வரும் ஆயா தலையிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுத்தும் தெரியாது. புத்தகத்தை வாங்கிப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். ரெண்டு என்றார், நண்டு என்றார். அந்தப் பக்கத்தில் இருப்பது நண்டு அல்ல. அதை நான் சுட்டிக்காட்டியபோது, “ரெண்டுக்கு நண்டுதான் வரும், அவன் வரையத் தெரியாம வரைஞ்சிருக்கான்” என்று முடித்துவிட்டார். ஒன்பதாம் பக்கம் வந்தது. நாங்கள் ஐவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆயா நிறுத்தவே இல்லை. ஒம்பது தும்பி என்று சொல்லிவிட்டுப் பத்துக்குப் போய்விட்டார்.

நாங்கள் தேடியது சொல்லின் வாலில். அதை இலக்கணம் இயைபு என்கிறது. ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிப் பாடி நமக்கு வால்தான் ஒலி என்று ஆகிவிட்டது. ஆயா பிடித்தது தலைக்கு அடுத்த எழுத்தை. ஒம்பதிலும் ‘ம்’, தும்பியிலும் ‘ம்’. முதலெழுத்து இரண்டிலும் குறில். யாப்பருங்கலக் காரிகையை எடுத்து ஒட்டிப் பார்த்தாலும் பழுதற்ற எதுகை. தம்பி, கம்பு, கொம்பு, தும்பை என்று வரிசையில் இன்னும் பலர் நிற்கிறார்கள். அதே அளவுகோலை வைத்தால், ஒண்ணும் மூணும் ஒன்றுக்கொன்று எதுகை ஆகாது. ஒன்றில் குறில், மற்றதில் நெடில். ஒன்பதுக்கு எதுகை இல்லை என்ற கருதுகோள் இவ்வாறாக வேன் நிறுத்தத்தில், நண்பகல் தாண்டிய வெயிலில், ஒரு மீன்காரப் பாட்டியால் முறியடிக்கப்பட்டது.

ஆயாவிடம் மேலும் ஒரு கேள்வி கேட்டேன். மீனை எப்படி எண்ணுவீர்கள்? “எதுக்கு எண்ணணும்? நெத்திலியை எண்ணுறவ வீடு போய்ச் சேர மாட்டா. கூறு போடுவோம்.” இந்த ஒரு வாக்கியத்தை வைத்து முனைவர் பட்டம் வாங்கலாம். என்னிடம் நேரம் இல்லை.

வானூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த தாத்தா ஒருவரின் பங்களிப்பையும் பதிவு செய்தாக வேண்டும். அவர் களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளந்தவர். அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லும் வழக்கமில்லை, ‘லாபம்’ என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு. அவர் என் மகளுக்குப் புத்தகத்தைக் காட்டும்போதும் அப்படியே காட்டினார். லாபம் எறும்பு. என் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு அவள் மாடிப்படியைக்கூட லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுகிறாள். பள்ளியிலிருந்து டைரியில் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா தாத்தாவும் ஒருநாள் நின்றிருந்தார். நகரத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவர்; ஆகவே மாதிரிக்குள் சேராதவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கைச் சுலபமாக்கிக் கெடுத்துவிட்டோம் என்பது அவர் கட்சி. பிரெஞ்சில் எண்பது என்றால் ‘நாலு இருபது’. தொண்ணூற்றொன்பது என்றால் ‘நாலு இருபது பத்து ஒன்பது’. “ஒரு நம்பர் சொல்லணும்னா பெருக்கிக் கூட்டிட்டுத்தான் வாயைத் திறக்கணும், தெரியுமா?” என்று அவர் சொன்னபோது அதில் பெருமைதான் இருந்தது. அன்றைக்கும் ஒன்பதுதான் தொல்லை செய்தது என்பதை மட்டும் நான் குறித்துக்கொண்டேன்.

படங்களைப் பற்றிய கருத்துகள் சொற்பம். உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக இருக்கிறதே என்று இருவர் கேட்டார்கள். கோண்டு மரபில் அப்படித்தான் என்றேன். வாசலில் தினமும் கோலம் போடும் ஓர் அம்மா மட்டும் கோடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புள்ளியை எண்ணிப் பார்த்தீங்களா என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. பத்து வரை எண்ணக் கற்றுத்தரும் புத்தகத்தில் எண்ண வேண்டியது பிராணிகள்தாம் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டிருந்தோம்.

ஆக, தீர்ப்பு இது. பொறியாளர் எடையைப் பார்த்தார், காவலர் தலையை எண்ணினார், அப்பாக்கள் நூறைத் தேடினார்கள், கோலம் போடுகிறவர் புள்ளியைக் கண்டார். பதினொரு பேரில் ஒருவர்கூடப் புத்தகம் நன்றாயில்லை என்று சொல்லவில்லை. ஒருவர்கூடக் குறை சொல்லாமலும் இல்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதை நினைத்தால், எண்ணுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் தனித்தனியே வகைப்படுத்த முயன்றதே என் முறையியலின் கோளாறு என்று தோன்றுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாதிரி எண் ஏழுக்கோ எட்டுக்கோ இரவல் கொடுத்த புத்தகம் மூன்று வாரமாகத் திரும்பி வரவில்லை. வாங்கியவர் அடுத்த வீட்டுக்கும், அடுத்த வீட்டார் பிள்ளைச்சாவடிக்கும் கொடுத்ததாகத் தகவல். அது எந்த மாநிலத்து வழியாகப் போயிருந்தாலும் சரி, கிடைத்தவர்கள் வேன் நிறுத்தத்தில் என்னிடம் கொடுத்துவிடவும். அடையாளம்: யானைப் பக்கத்தில் பாயசக் கறை இருக்கும். ரெண்டாம் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ ஒரு நண்டு வரைந்திருப்பார்கள்.